மேனுவலில் இருக்கும் நம்பர் யாருடைய துப்பாக்கிக்கு?

இது எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில "அப்புறம்"களையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.

இந்த வாரம் ஒரு புத்தகத்தை எப்படிப் படிக்கணும்னு பேசப் போறோம். நாவல் இல்லை, பக்கம் பக்கமா வெறும் அட்டவணை. அமெரிக்காவுல ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயார் பண்றவங்க மேஜையில தவறாம இருக்கிற புத்தகம் அது. ரீலோடிங் மேனுவல்னு சொல்வாங்க. லைமன், ஹார்னடி, சியரா, நாஸ்லர், ஸ்பியர் மாதிரி கம்பெனிகள் வெளியிடுறாங்க. பவுடர் விற்கிற ஹாட்ஜ்டன் வருஷா வருஷம் ஒண்ணு போடுறாங்க, அதே தகவலை அவங்க இணையதளத்திலும் வைக்கிறாங்க.

ஆரம்பத்திலேயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால இங்க சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து கேட்கிறவங்களுக்கு இது செய்முறை விளக்கம் கிடையாது. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க மத்திய அரசோட லைசென்ஸ் தேவையில்லை. விற்கணும்னாதான் வேணும். சில மாநிலங்கள்ல கூடுதல் விதிகள் உண்டு. வேட்டைக்குப் போறவங்க, 600 கஜம், 1000 கஜம்னு தூரக் குறி சுடுற போட்டிக்காரங்க, கடையில இப்போ கிடைக்காத பழைய ரகத் தோட்டாவை வச்சு சுடுறவங்க, இவங்கதான் பெரும்பாலும் இதைச் செய்றாங்க.

இன்னொண்ணு. இந்த எபிசோட்ல எந்த இடத்திலும் "இந்தத் தோட்டாவுக்கு இவ்வளவு பவுடர்"னு ஒரு அளவுகூட வராது. மறைக்கிறதுக்காக இல்லை. வாயால சொன்ன ஒரு அளவு ஏன் ஆபத்துங்கிறதுதான் இன்னைக்கு விஷயமே.

அந்தச் சின்னக் கூட்டுக்குள்ள என்ன நடக்குது

ஒரு தோட்டாவுக்கு நாலு பாகம். பித்தளைக் கேஸ், அதன் அடியில் அடித்தால் தீப்பொறி தருகிற பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. சுட்ட பிறகு கேஸ் மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் பண்ணி, பிரஸ்ஸில் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், புது பவுடர், புது குண்டு வைக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை. கை வேலை ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பவுடர் எவ்வளவு என்கிற கேள்விதான் பழகாதது.

பிரைமர் அடித்ததிலிருந்து அழுத்தம் உச்சத்துக்குப் போவது ஒரு மில்லி செகண்ட் அளவில் முடிந்துவிடும். அமெரிக்காவில் தோட்டாக்களுக்கு அளவும் அழுத்த வரம்பும் வகுக்கிற அமைப்பு ஒன்று 1926 முதல் இருக்கிறது. பெயரின் சுருக்கத்தை அவங்க உச்சரிக்கிறப்போ நம்ம காதுக்கு "சாமி"ன்னுதான் விழும், நாமும் அப்படியே வச்சுக்கலாம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு சாமி வைத்திருக்கிற உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதாவது 62,000 பி.எஸ்.ஐ. நம்ம வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது சுமார் 15 பி.எஸ்.ஐ.யில். நாலாயிரம் மடங்கு. அதுவும் எங்கே? ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை அதன் கட்டையில் அழுத்தி, கண்ணைப் பின்பக்கம் வைத்திருக்கிறோமே, அங்கிருந்து சில அங்குலம் முன்னால்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. புகையற்ற பவுடர் எரிகிற வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின பேய்தான்: தன்னையே ஊட்டிக்கொள்கிற லூப். அடிமட்டத்தில் ஒரு சிட்டிகை கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உச்ச வரம்புக்குப் பக்கத்தில் அதே சிட்டிகை வேற மாதிரி நடந்துக்கும். பாதுகாப்பான இடத்தில் கிடைத்த அனுபவத்தை வைத்து மேலே என்ன ஆகும்னு ஒரு நேர்கோடு போட்டுக் கணிக்க முடியாது.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. பவுடரை "கிரெய்ன்" என்கிற அலகில் நிறுக்கிறார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், நம்ம நகைக்கடைக் குன்றிமணியில் சுமார் பாதி. ரைஃபிளுக்கு நிறுக்கும்போது கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் பார்ப்பார்கள்.

சமையல் குறிப்பு இல்லை, சோதனை அறிக்கை

மேனுவலைத் திறந்தால், ஒரு தோட்டாவின் பெயர், குண்டின் எடை, அதற்குக் கீழே பவுடர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப அளவு, உச்ச அளவு, அந்த அளவில் கிடைத்த வேகம். சில மேனுவல்களில் அழுத்தமும் இருக்கும். பார்த்தவுடனே கண் அந்த உச்ச அளவுக்குத்தான் ஓடும். சமையல் குறிப்பு மாதிரியே இருக்கும்: இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு, கலக்கு.

ஆனால் அந்தப் பக்கம் உண்மையில் சொல்வது வேறு. "நாங்கள் இந்த பேரலில், இந்தக் கேஸில், இந்த பிரைமரோடு, இந்தக் குண்டை இந்த நீளத்துக்கு வைத்து, எங்களிடம் இருந்த பவுடரைப் போட்டுச் சுட்டோம். இது வந்தது." இறந்தகாலம். நடந்து முடிந்த ஒரு சோதனையின் பதிவு. உங்கள் ரைஃபிள் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு டெவலப்பர் சொல்வானே, அதை நேர்மையா, எந்த மெஷின், எந்த வெர்ஷன்னு முழு விவரத்தோட சொன்ன புத்தகம்தான் மேனுவல். அந்த விவரத்தைப் படிக்காம நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தா தப்பு அவங்க மேல இல்லை.

அதனால அட்டவணையை மேலேயிருந்து படிக்கணும். தலைப்பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும்: சோதனைக்கு எந்தத் துப்பாக்கி அல்லது சோதனை பேரல், பேரல் எத்தனை அங்குலம், எந்தக் கம்பெனி கேஸ், எந்த பிரைமர், தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு. இந்த ஒவ்வொரு வரியும் அழுத்தத்தைத் தொடுகிற ஒரு கைப்பிடி. வரிசையா எல்லாத்தையும் விளக்கப் போறதில்லை, ஆட்களை அதிகம் ஏமாற்றுகிற ரெண்டு மூணை மட்டும் சொல்றேன்.

கேஸ். வெளிப்புற அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், இல்லாட்டி துப்பாக்கிக்குள்ள போகாது. சுவர் தடிமன் ஒண்ணு இல்லை. .308 அளவில் ராணுவத்துக்காகச் செய்த 7.62 கேஸ்கள் பொதுவாகக் கடைக் கேஸைவிடத் தடித்த சுவர் கொண்டவை. சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். அதே பவுடர் சின்ன அறையில் எரிந்தால் அழுத்தம் கூடும். சுடும் மைதானத்தில் தரையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று பொறுக்கி வந்த ராணுவக் கேஸில், கடைக் கேஸுக்குச் சோதித்த உச்ச அளவைப் போட்டால், புத்தகம் சொல்லாத ஒன்றைச் செய்தாயிற்று.

குண்டு. இதில் விழாத புதியவர் கம்மி. "மேனுவலில் 150 கிரெய்ன் குண்டுக்கு அளவு இருக்கு, என்கிட்டயும் 150 கிரெய்ன் குண்டு இருக்கு, வேற கம்பெனி, அவ்வளவுதானே?" அவ்வளவு இல்லை. பழைய முறைக் குண்டு, உள்ளே ஈயம், மேலே செம்பு உறை. இப்போ முழுக்க செம்பாலேயே செய்கிற குண்டுகளும் புழக்கத்தில் இருக்கு. செம்பு ஈயத்தைவிட லேசு. அதனால் அதே எடைக்கு அந்தக் குண்டு நீளமாக இருக்கும். மொத்த நீளத்தை ஒன்றாக வைத்தால், அது கேஸுக்குள் ஆழமாக இறங்கிப் பவுடருக்கான இடத்தைத் தின்னும். எடை ஒன்று, அழுத்தம் வேறு. அதனால்தான் குண்டு தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் குண்டுகளுக்கென்று தனியாக மேனுவல் போடுகிறார்கள்.

குண்டை ரொம்ப வெளியே வைத்தாலும் பிரச்சினை. பேரலுக்குள் சுருள் வரிகள் தொடங்கும் இடத்தில் குண்டு ஏற்கெனவே முட்டிக்கொண்டு நின்றால், ஓடித் தொடங்க இடமில்லாமல் அழுத்தம் குதிக்கும். துல்லியத்துக்காகப் போட்டிக்காரர்கள் வேண்டுமென்றே அப்படி வைப்பதுண்டு. ஆனால் அவங்க அதற்கேற்ப பவுடரைக் குறைத்து, கீழேயிருந்து மறுபடி ஏறி வந்தவங்க.

பிரைமரும் அப்படித்தான். சாதாரணம், மேக்னம் என்று இரண்டு வகை. மாத்தினா மறுபடி ஆரம்ப அளவுக்கு இறங்கணும். 2020ல பிரைமர் தட்டுப்பாடு வந்தப்போ, கிடைத்ததை வாங்கிப் போடலாமான்னு நிறைய பேருக்கு ஆசை வந்திருக்கும். போடலாம், பழைய நம்பரைத் தூக்கி எறிந்துவிட்டு.

4831 என்று ஒரு கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மலைமலையாகப் பவுடர் மிஞ்சியது. கேன்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கத் தொடங்கினார். 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்குப் பயன்பட்ட ஒரு பவுடர் அதில் இருந்தது, எண் 4831. பெரிய ரைஃபிள் தோட்டாக்களுக்கு அருமையாக ஒத்துப்போனது. பெயர் பரவியது.

பல வருஷம் கழித்து டூபாண்ட் தன் ஐ.எம்.ஆர். வரிசையில் 4831 என்ற பெயரிலேயே ஒரு பவுடரைக் கடைக்குக் கொண்டு வந்தது. ஐ.எம்.ஆர். 4831, ஹாட்ஜ்டனின் ஹெச் 4831ஐவிட வேகமாக எரிவது. எண் ஒண்ணு, பவுடர் வேற. ஹெச் 4831க்கு எழுதிய உச்ச அளவை ஐ.எம்.ஆர். 4831இல் போட்டால் வரம்பைத் தாண்டும். இப்போ நிலைமை இன்னும் வேடிக்கை: 2003இல் ஐ.எம்.ஆர். பிராண்டையே ஹாட்ஜ்டன் வாங்கிவிட்டது. ஆக, ஒரே கம்பெனியின் அலமாரியில், ஒரே எண் போட்ட இரண்டு டப்பாக்கள், இரண்டும் வேறு வேறு. 4350, 4895 எண்களிலும் இதே கதை, இரட்டையர் உண்டு.

"எல்லாம் முன்னெழுத்துல இருக்கு"ன்னு நினைச்சு நிம்மதியாகிடாதீங்க, நேர்மாறான கேஸும் இருக்கு. ஹாட்ஜ்டனின் ஹெச் 4350 ஆஸ்திரேலியாவில் ஏ.டி.ஐ. தயாரிப்பது. அந்த நாட்டுக் கடையில் அதே சரக்கின் பெயர் ஏ.ஆர். 2209. பெயர் வேற, பவுடர் ஒண்ணு. இதை அந்தத் தயாரிப்பாளரே பட்டியல் போட்டு வெளியிட்டிருப்பதால் நமக்குத் தெரியும். யாரோ "ரெண்டும் ஒண்ணுதான் ப்ரோ"ன்னு சொன்னதால இல்லை.

இதோட ஒட்டின விஷயம், எரியும் வேகத்தின்படி பவுடர்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் மேனுவலின் கடைசியில் இருக்கும். வேகமானது மேலே, மெதுவானது கீழே. அடுத்தடுத்த இடத்தில் இருக்கிற இரண்டு பவுடரை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம்னு அதைப் பார்த்தா தோணும். அது ரேங்க் லிஸ்ட்தான், மார்க் லிஸ்ட் இல்லை. 41ஆவது இடத்துக்கும் 42ஆவது இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்னு அதில் இருக்காது. தோட்டா மாறினால் வரிசையே லேசாக மாறலாம்.

கடைத் தோட்டாவைப் பிரித்து, உள்ளே இருக்கிற பவுடரை நிறுத்து, "ஓ, இவ்வளவுதானா, நாமும் போடுவோம்" என்று கிளம்புவது இன்னொரு ரகம். தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கும் பவுடர் சில்லறை டப்பாவில் வருவது இல்லை. ஒவ்வொரு லாட்டையும் அழுத்தக் கருவியில் சோதித்து, அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். சில்லறை டப்பாதான் லாட்டுக்கு லாட் அதிகம் மாறாமல் கலந்து தரப்படுவது. கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புத் துணுக்குகள்.

தாத்தா புத்தகமும் வக்கீல் வதந்தியும்

அமெரிக்க மைதானங்களில் சுற்றுகிற ஒரு பேச்சு உண்டு. "பழைய மேனுவல்ல அளவு ஜாஸ்தியா இருக்கும். புதுசுல குறைச்சிட்டாங்க. ஏன்? கேஸ் போடுவாங்கன்னு வக்கீலுக்குப் பயம்." அதனால் பழைய புத்தகத்தை வைத்திருக்கிறவர் அதை ஏதோ மறைக்கப்பட்ட உண்மை மாதிரி காட்டுவார்.

எனக்கு இந்த வக்கீல் கதையில நம்பிக்கை இல்லை. காரணம் அளவிடும் கருவியில் இருக்கு. முன்பு அழுத்தத்தை அளந்தது ஒரு சின்னச் செப்பு உருளையை வைத்து. சுடும்போது அந்த அழுத்தம் உருளையை நசுக்கும். எவ்வளவு நசுங்கியது என்று அளந்து, அட்டவணையில் பார்த்து ஒரு எண் எழுதுவார்கள். அந்த அலகின் பெயர் சி.யு.பி. பிறகு பீசோ சென்சார் வந்தது. அது அழுத்தம் ஏறி இறங்குவதை முழு வளைகோடாகவே காட்டும், உச்சம் எங்கே என்று நேராகத் தெரியும். இதன் அலகுதான் இப்போதைய பி.எஸ்.ஐ.

இரண்டுக்கும் நடுவில் மாற்று விகிதம் கிடையாது. எவ்வளவு இல்லைன்னு இந்த ஒரு உதாரணம் போதும். .223 ரெமிங்டனுக்கும் .308 வின்செஸ்டருக்கும் செப்பு முறையில் சாமி வைத்திருந்த வரம்பு ஒன்றே, 52,000 சி.யு.பி. பீசோ முறையில் .223க்கு 55,000 பி.எஸ்.ஐ., .308க்கு 62,000. செப்புக்கு ஒரே மாதிரி தெரிந்த இரண்டு, சென்சாருக்கு 7,000 பி.எஸ்.ஐ. வித்தியாசம். செப்பு உருளைக்குத் தெரியாத உச்சங்கள் சென்சாரில் தெரிய வந்தபோது சில அளவுகள் குறைந்தன. அதோடு, பவுடரைத் தயாரிக்கும் ஆலை மாறியிருக்கலாம், குண்டின் வடிவம் மாறியிருக்கலாம், பெயர் மட்டும் அப்படியே. சில அளவுகள் புதுப் பதிப்பில் கூடியும் இருக்கின்றன. வக்கீலுக்குப் பயந்தவன் அதைக் கூட்டியிருப்பானா?

பழைய மேனுவலுக்கு வேலையே இல்லைன்னு சொல்லலை. கடையிலிருந்து போய்விட்ட ஒரு குண்டுக்கோ பவுடருக்கோ, அதே காலத்துச் சரக்கு கையில் இருந்தால், அந்தக் காலத்துப் புத்தகம்தான் துணை. இன்றைக்கு வாங்கிய டப்பாவுக்கு இன்றைய பதிப்பு.

ஒரே தோட்டா, மூணு பக்கம்

மேனுவல் எழுதுறவங்க எவ்வளவு கவனமா இருக்காங்கன்னு பார்க்கணும்னா .45-70 பக்கத்தைத் திறக்கணும். 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா இது. அன்றைக்கு உள்ளே போட்டது புகை கக்கும் கறுப்பு மருந்து. அதற்காகச் செய்த ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்கள் இன்னும் ஆட்களிடம் இருக்கின்றன, சுடவும் சுடுகிறார்கள். அதே தோட்டாவுக்கு மார்லின் லீவர் ரைஃபிள் உண்டு. ரூகர் நம்பர் ஒன் என்கிற, மிகப் பலமான நவீன ரைஃபிளும் உண்டு.

லைமன் மாதிரி மேனுவல்கள் இதற்கு மூன்று தனிப் பிரிவுகள் கொடுக்கின்றன. பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒன்று, லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, ரூகருக்கு ஒன்று. சாமியின் பொது வரம்பு 28,000 பி.எஸ்.ஐ.தான், அந்தக் கிழட்டு ரைஃபிள்களை மனசில் வைத்து. மூன்றாம் பிரிவின் அளவுகள் அதைவிட வெகு தூரம் மேலே. ரூகர் பக்கத்து அளவைப் போட்ட தோட்டா, நூற்றைம்பது வருஷ ஸ்பிரிங்ஃபீல்டுக்குள்ளும் எந்தத் தடையும் இல்லாமல் நுழையும். ஏன்னா வெளியே அளவு ஒண்ணுதான். இங்கே பக்கத்தின் தலைப்பைப் படிக்காமல் விட்டால் நடப்பதைச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இரண்டு ரைஃபிளும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாப் பெட்டி மாறிப்போகும் அபாயம் வேற. அப்படிப்பட்ட வீடுகளில் பலர் எல்லாத்தையுமே பழைய ரைஃபிளுக்குத் தாங்குகிற அளவில்தான் போடுகிறார்கள். புத்திசாலித்தனமான சோம்பல் அது.

கீழேயிருந்து ஏறுவது ஏன்

"ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி மெல்ல ஏறு" என்று எல்லா மேனுவலும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லும். ஆரம்ப அளவு கொடுக்காமல் உச்சம் மட்டும் கொடுத்தால், பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு என்பது பொதுவான வழக்கம். புத்தகத்தில் இருக்கும் உச்சம் அவர்களின் பேரலுக்கு. உங்கள் ரைஃபிளின் உச்சம் அதற்குக் கீழேயே வந்துவிடலாம். எங்கே என்று தெரிய ஏறிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, ரொம்பக் கீழே போனால் இன்னும் பாதுகாப்பா? இல்லை. பவுடர் போதாமல் போனால் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிடலாம். "டுப்"னு ஒரு மந்தமான சத்தம் வரும், அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் கிழியும். சில பவுடர்களுக்கு இந்த அளவுக்குக் கீழே போகாதே என்று தயாரிப்பாளரே தனியாக எச்சரிக்கிறார். அப்போது பொதுவான பத்து சதவீத வழக்கம் செல்லாது, அந்தப் பவுடருக்கான குறிப்புதான் செல்லும். அட்டவணையில் இரண்டு பக்கமும் வேலி இருக்கு.

ஏறும்போது எங்கே நிற்பது? கேஸின் அடியைப் பார்க்கச் சொல்வார்கள். பிரைமர் தட்டையாகிவிட்டதா, அடிப்பகுதியில் பளபளப்பான தழும்பு இருக்கா, சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்க முரண்டு பிடிக்குதா. இதில் எது வந்தாலும் நிறுத்தணும். ஆனால் இவை வரலைன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தமில்லை. பல ரைஃபிள்களில் இந்த அறிகுறிகள் தெரியும்போது வரம்பை ஏற்கெனவே தாண்டியிருப்போம். லாக்கில் எரர் வரலைங்கிறதால சர்வர் நலமா இருக்குன்னு நாம நம்புறதில்லையே.

குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் இதைவிட நேர்மையான சாட்சி. வேகம் சும்மா வராது, அழுத்தம்தான் வேகமாக மாறுகிறது. புத்தகத்தின் உச்ச அளவுக்கு என்ன வேகம் போட்டிருக்கோ, அது உங்களுக்குக் குறைந்த அளவிலேயே வந்துவிட்டால், உங்கள் உச்சம் வந்தாச்சு. அங்கேயே நிக்கணும். இதில் ஒரு குழி இருக்கு: சோதனை பேரல் 24 அங்குலம், உங்களுடையது 20 என்றால் அதே அழுத்தத்துக்கு உங்கள் வேகம் குறைவாகத்தான் வரும். புத்தக வேகத்தைத் துரத்திக்கொண்டு பவுடரைக் கூட்டிக்கொண்டே போனால், வேகம் வருவதற்குள் அழுத்தம் எங்கேயோ போயிருக்கும். தலைப்பில் இருந்த அந்த "பேரல் நீளம்" வரி இதுக்குத்தான்.

வெயிலையும் மறக்கக்கூடாது. பவுடர் சூடானால் அழுத்தம் கூடும், சில ரகங்களில் நிறையவே. மின்னசோட்டா பனியில் உச்சம் வரை ஏறிப் பார்த்து முடிவு செய்த அளவு, அரிசோனா ஜூலையில், பூட்டிய காருக்குள் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துச் சுடும்போது உச்சத்துக்கு மேலே இருக்கலாம்.

ரெண்டு புத்தகம் ரெண்டு மாதிரி சொன்னா

சொல்லத்தான் செய்யும். அதே தோட்டா, அதே பவுடர், அதே எடைக் குண்டு, ஒரு மேனுவலின் உச்சம் இன்னொன்றின் உச்சத்தைவிட ஒன்றிரண்டு கிரெய்ன் கூட இருப்பது சகஜம். முதல் தடவை பார்க்கிறவங்க "எது சரி?"ன்னு குழம்புவாங்க. ரெண்டும் சரி. இரண்டு பேரல், இரண்டு குண்டு, இரண்டு லாட். அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே, தலைப்பில் உள்ள பாகங்கள் அழுத்தத்தை எவ்வளவு ஆட்டுகின்றன என்று புரியும்.

செய்யக்கூடாதது, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது. இன்ஜினியரிங் படித்தவங்களுக்குக் கை அரிக்கும், தெரியும். சராசரி எடுத்த அந்த அளவை யாரும் எங்கேயும் சோதிக்கவில்லை. உங்கள் குண்டு எந்த மேனுவலில் பெயரோடு இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, மற்றதைச் சரிபார்ப்புக்கு வைத்து, குறைவான ஆரம்ப அளவிலிருந்து தொடங்குவதுதான் முறை. இரண்டு புத்தகமும் ரொம்பவே விலகி நின்றால், அச்சுப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. வெளியீட்டாளர் திருத்தம் போட்டிருக்கிறாரா என்று பார்க்கணும். அல்லது பவுடர் கம்பெனிக்கே எழுதிக் கேட்கலாம்.

குறியீடுகளும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பவுடர் நிரம்பி, குண்டு அதை அழுத்தி உட்காரும் நிலையை ஒன்று "சி" எழுத்தால் காட்டும், இன்னொன்று கூட்டல் குறியால். தடித்த எழுத்து என்றால் உச்சம் என்று நினைத்துவிடுவோம், ஒரு மேனுவலில் அது சோதனையில் துல்லியமாக வந்த அளவைக் குறிக்கும். குறியீட்டு விளக்கம் இருக்கும் பக்கத்துக்கு ஒரு ஸ்டிக்கி நோட்.

சாட்பாட்டிடம் கேட்டு வாங்குகிற அளவைப் பற்றியும் சொல்லணும். அது ஹெச் என்பதையும் ஐ.எம்.ஆர். என்பதையும் கலந்துவிட்டு, ரொம்பத் தன்னம்பிக்கையோட பதில் தரலாம். அந்த நம்பருக்குப் பின்னால் பேரல் இல்லை, சென்சார் இல்லை. நண்பர் வாட்ஸப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான்: அட்டவணையின் நடுப்பகுதி மட்டும் இருக்கும், தலைப்பு வெட்டப்பட்டிருக்கும்.

மேஜை மேல

புத்தகத்தைச் சரியாகப் படித்துவிட்டு மேஜையில் கோட்டை விடுவதும் உண்டு. மேஜையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும். வேலை முடிந்ததும் அளவையில் மிஞ்சியது அதே டப்பாவுக்குத் திரும்பணும். பெயர் எழுதாத பாட்டிலில் இருக்கிற பவுடர், யாருடையது எதுவென்று தெரியாவிட்டால், தோட்டாவுக்கு ஆகாது. விலையைப் பார்த்து மனசு கேட்காது, ஆனாலும் ஆகாது.

டிஜிட்டல் தராசு காற்றுக்கும் பேட்டரிக்கும் ஆடும். சோதனை எடைக்கல்லை வைத்துத் தொடக்கத்திலும் இடையிலும் பார்த்துக்கொள்வார்கள். திரையில் கிராம் இருக்கா கிரெய்ன் இருக்கா என்பதையும். ஒரு கிராம் 15.43 கிரெய்ன். இரண்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பது யாருடைய யோசனையோ.

கடைசியா, நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுகிற சீட்டில் தேதி, குண்டு, பவுடரின் முழுப் பெயர், லாட் எண், அளவு, கேஸ் கம்பெனி, பிரைமர், மொத்த நீளம், எந்த ரைஃபிள், எந்த மேனுவல் எத்தனையாவது பதிப்பு எத்தனையாவது பக்கம். கவனிச்சீங்கன்னா இது மேனுவல் அட்டவணையின் தலைப்பேதான், இந்த முறை உங்க ரைஃபிளுக்கு. இதில் ஒரு வரி மாறினால், புது பவுடர் லாட் வந்தாலும் சரி, குண்டின் கம்பெனி மாறினாலும் சரி, பேரலையே மாற்றினாலும் சரி, அந்தச் சீட்டு பழசாகிவிட்டது. திரும்ப ஆரம்ப அளவுக்கு இறங்கி, ஐந்து ஐந்து தோட்டாவாக மறுபடி ஏறணும்.